ஓவியத்திலும் அலங்காரத்திலும் கண்ணாடிப் பாத்திரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஐரோப்பிய ஓவியம், மசூதி விளக்கு, முகலாயச் சுவர் வேலைப்பாடு என்று எதைப் பற்றிப் பேசினாலும், அதில் ஓரமாக நிற்கும் கண்ணாடிக் குடுவையையோ கிளாஸையோ காட்டி "இதற்கு என்ன அர்த்தம்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டு, எனக்கு உறுதியாகத் தெரிந்த உதாரணங்களோடு பதில் எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்று இல்லை, வேண்டிய கேள்விக்கு நேராகப் போகலாம்.

கண்ணாடிப் பாத்திரம் என்றால் பொதுவாக என்ன அர்த்தம்? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

ஒரே வரியில் சொன்னால் தப்பாகிவிடும். இணையத்தில் "கண்ணாடி = தூய்மை", "கண்ணாடி = நிலையாமை" என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டும் சரிதான், ஆனால் எந்தப் படத்தில் எது என்று அந்தப் பட்டியல் சொல்லாது. நான் செய்வது இதுதான்: அர்த்தம் தேடுவதற்கு முன், அந்தக் கண்ணாடி என்ன நிலையில் இருக்கிறது என்று பார்ப்பேன். அதற்குள் வெளிச்சம் புகுந்து வருகிறதா? உள்ளே தெளிந்த தண்ணீரா, மதுவா, ஒன்றுமே இல்லையா? நேராக நிற்கிறதா, சாய்ந்து கிடக்கிறதா, விளிம்பு உடைந்திருக்கிறதா? மேலே எழுத்தோ பூவோ செதுக்கியிருக்கிறார்களா? கண்ணாடிக்கு ஏற்றிய அர்த்தங்கள் எல்லாம் அதைக் கையில் எடுத்துப் புழங்கும்போது தெரிகிற குணங்களிலிருந்து வந்தவைதான். ஒளியைத் தடுக்காது, உள்ளே இருப்பதை மறைக்காது, கீழே விழுந்தால் போச்சு. இந்த மூன்றில் எதை அந்தக் கலைஞர் பிடித்துக்கொண்டார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மரியாளின் ஓவியங்களில் ஏன் ஒரு தண்ணீர்க் குடுவை இருக்கிறது? வெறும் வீட்டுச் சாமானா?

வீட்டுச் சாமான் போலத்தான் வரைந்திருப்பார்கள், அதுதான் அதன் அழகு. கபிரியேல் தூதர் வந்து மரியாளிடம் "நீ கருவுறுவாய்" என்று சொல்லும் காட்சியை 15-ஆம் நூற்றாண்டில் நிறையப் பேர் வரைந்தார்கள். கன்னித்தன்மை கெடாமல் எப்படிக் கருவுற முடியும் என்ற கேள்விக்கு இடைக்காலக் கிறிஸ்தவப் போதகர்களும் பாடல் எழுதியவர்களும் ஒரு உவமை வைத்திருந்தார்கள்: சூரிய ஒளி கண்ணாடிக்குள் புகுந்து வெளியே வருகிறது, கண்ணாடி உடைவதில்லை, கீறல்கூட விழுவதில்லை. ஜன்னல் கண்ணாடியை வைத்துச் சொன்ன உவமை அப்படியே குடுவைக்கும் வந்தது.

யான் வான் ஐக் 1432-இல் முடித்த, பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துப் பீடச் சித்திரத்தின் (தேவாலயப் பீடத்தின் மேல் வைக்கும், கதவுகள் உள்ள பலகை ஓவியம்) வெளிக்கதவுகளை மூடினால் இந்தக் காட்சி தெரியும். மரியாள் இருக்கும் பக்கம் ஜன்னலோரம் ஒரு கண்ணாடிக் குடுவை வெளிச்சம் வாங்கிக்கொண்டு நிற்கும். ஃபிளாரன்ஸில் சான் லொரென்சோ தேவாலயத்தில் ஃபிலிப்போ லிப்பி 1440 வாக்கில் வரைந்ததில் இன்னும் துணிச்சல்: படத்தின் முன்பக்கத் தரையில் சிறிய பள்ளம் வெட்டியது போல வரைந்து, அதற்குள் பாதித் தண்ணீர் உள்ள ஒரு குடுவையை வைத்திருக்கிறார். தூதருக்கும் மரியாளுக்கும் அது பயன்படாது, பார்க்கிற நம் கைக்கு எட்டுவது போல இருக்கும். கதைக்குத் தேவையே இல்லாத ஒரு பொருளை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தால் அது சும்மா வைத்தது இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹூகோ வான் டெர் கூஸ் வரைந்தது. மெடிச்சி வங்கியின் புரூஜ் கிளையைப் பார்த்துக்கொண்ட தொம்மாசோ போர்த்தினாரி கேட்டு வரைந்த பெரிய பீடச் சித்திரம், 1483-இல் ஃபிளாரன்ஸ் வந்து சேர்ந்தது, இப்போது அங்கே உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது பிறப்புக் காட்சி. குழந்தை வெறும் தரையில் கிடக்க, முன்னால் இரண்டு பூஜாடிகள்: ஒன்று வண்ணம் தீட்டிய பீங்கான் போன்ற மண்ஜாடி, இன்னொன்று ஒன்றும் எழுதாத சாதாரணக் கண்ணாடி டம்ளர். அந்த டம்ளரில் நீலநிற அக்விலேஜியா பூக்களும் சிவப்புக் கார்னேஷன்களும் இருக்கின்றன. நீலப் பூக்களை மரியாளின் ஏழு துயரங்களுக்கும், சிவப்பை ஆணி அறைந்த காயங்களுக்கும் சேர்த்துப் படிப்பது வழக்கம். பக்கத்திலேயே ஒரு கோதுமைக் கட்டு. டம்ளர் வழியாக ஒளி போய்த் தரையில் நிழலோடு கலந்து விழுவதைக் கவனியுங்கள். ஒரு தாயின் வரப்போகும் துக்கத்தை அவ்வளவு தெளிவான தண்ணீரில் நிறுத்தி வைத்ததைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனசு கனத்துப் போகும்.

மண்டையோட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடக்கும் கிளாஸ் எதைச் சொல்கிறது?

இவை 'வானிட்டாஸ்' வகை ஓவியங்கள். பைபிளில் பிரசங்கி சொல்லும் "மாயை மாயை, எல்லாம் மாயை" என்ற வரியின் லத்தீன் சொல்தான் இந்தப் பெயருக்கு மூலம். 17-ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில், குறிப்பாகப் பல்கலைக்கழக ஊரான லெய்டனில், இந்த வகை நன்றாக வளர்ந்தது. மண்டையோடு, அணைந்த விளக்கு, கடிகாரம், புத்தகம், இறகுப் பேனா, கூடவே ஒரு கிளாஸ்.

பீட்டர் கிளாஸ் என்ற ஹார்லெம் ஓவியர் 1628-இல் வரைந்த மண்டையோடும் இறகுப் பேனாவும் உள்ள படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கிளாஸ் கவிழ்ந்து கிடக்கிறது, காலியாக. உடையவில்லை என்பது முக்கியம். குடித்து முடித்தாயிற்று, கை போய்விட்டது, கிளாஸ் மட்டும் மிச்சம். அந்த வளைந்த மேல்பரப்பில் சிறிய வெளிச்சப் புள்ளிகள் மினுங்கும். வரைந்தவர் அந்த நேரத்து வெளிச்சத்தை நிறுத்தி வைத்துவிட்டு, "இதெல்லாம் நிற்காது" என்று சொல்கிறார்.

அந்தக் காலத்து நல்ல கண்ணாடி இன்றைக்கு நாம் தினமும் தண்ணீர் குடிக்கும் டம்ளர் போல மலிவான சாமான் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வெனிஸ் பாணியில் செய்த மெல்லிய கோப்பைகள் பணக்கார வீட்டின் பெருமை. அதைக் கவிழ்த்துப் போட்டதைப் பார்த்த அந்தக் கால வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சுருக்கென்று இருந்திருக்கும். இத்தனைக்கும் அந்த ஓவியமே ஒரு விலையுயர்ந்த பொருள், வரவேற்பறையில் மாட்டிப் பெருமைப்பட வாங்கியது. நிலையாமையைச் சொல்லும் பொருளைச் சொத்தாகச் சேர்த்தார்கள். அவர்களை இதற்காகப் போலிகள் என்று நான் சொல்லமாட்டேன், இரண்டையும் ஒரே மனசு தாங்கும்.

பச்சை நிறத்தில், தண்டில் முடிச்சு முடிச்சாக ஒட்டிய கிளாஸ் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

அதன் பெயர் ரோமர். ஜெர்மனி, நெதர்லாந்து பக்கம் வெள்ளை ஒயின் குடிக்கப் பயன்பட்டது. காட்டு மரங்களின் சாம்பலைச் சேர்த்துக் காய்ச்சிய கண்ணாடி, மணலில் இருக்கும் இரும்பால் பச்சை நிறம் வரும். தண்டில் ஒட்டிய அந்தக் குமிழ் முடிச்சுகள் (சிலது ராஸ்பெரிப் பழம் போலவே இருக்கும்) அலங்காரம் மட்டும் இல்லை, சாப்பாட்டு எண்ணெய்க் கையோடு பிடித்தாலும் வழுக்காமல் இருக்க வைத்தது.

ரோமருக்குத் தனியாக ஒரு நிரந்தர அர்த்தம் கிடையாது. நிரம்பி நின்றால் விருந்து, விருந்தோம்பல். சில படங்களில் ஒயினும் ரொட்டியும் சேர்ந்து வந்தால் திருவிருந்தை (ஏசுவின் கடைசி விருந்தை நினைவுகூரும் கிறிஸ்தவச் சடங்கு) நினைக்க வைக்கும். கவிழ்ந்தால் மேலே சொன்னதுதான்.

இந்த ரோமர் மேலேயே எழுதியவர்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த கவிஞர் அன்னா ரோமர்ஸ் விஸ்ஸர் (1583–1651) வைர முனையால் ரோமர்களில் அழகான எழுத்தும் பூச்சிகளும் பூக்களும் கீறினார், நண்பர்களுக்குக் கொடுத்தார். குடிக்கக் குடிக்க எழுத்து தெளிவாகத் தெரியும் ஒரு கடிதம் போல அதை நினைத்துப் பாருங்கள். வைரத்தால் கீறும்போது கை தவறினால் அழிக்க முடியாது, கண்ணாடி விரிசல் விட்டாலும் போச்சு. இத்தனை கவனத்தை ஒரு நண்பருக்காகச் செலவழித்தார் என்பதே அந்தப் பரிசின் அர்த்தத்தில் பாதி.

நீர்க்குமிழியும் கண்ணாடி உருண்டையும் ஒரே குறியீடா?

நெருங்கிய உறவு உண்டு. "மனிதன் ஒரு நீர்க்குமிழி" என்பது பண்டைய ரோமானியர்களின் பழமொழி, டச்சு அறிஞர் எராஸ்மஸ் தன் பழமொழித் தொகுப்பில் சேர்த்த பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. நம் சித்தர் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. யாக் தெ கெய்ன் 1603-இல் வரைந்த வானிட்டாஸ் ஓவியம் இந்த வகையில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றில் ஒன்று. அதில் மண்டையோட்டுக்கு மேல் ஒரு பெரிய குமிழி மிதக்கும், அதைப் பார்த்தால் சோப்புக் குமிழியா கண்ணாடிக் கோளமா என்று சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தை அவர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

கண்ணாடி உருண்டை இன்னொரு வேலையும் செய்யும்: எதிரில் இருப்பதைக் காட்டும். பீட்டர் கிளாஸின் இன்னொரு படம் (நியூரம்பெர்கில் இருக்கிறது) வயலினோடு ஒரு கண்ணாடிக் கோளத்தை வைத்து, அந்தக் கோளத்தின் பிம்பத்தில் ஓவியர் தானே உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பதைக் காட்டுகிறது. எல்லாம் மாயை என்று சொல்பவர் தன்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்.

இதற்கு ஒரு நூறு வருடம் முன்னால், ஹியரோனிமஸ் போஷ் மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் தன் மூன்று பலகை ஓவியத்தில் ஒரு காதல் ஜோடியை ஒளி ஊடுருவும் கோளத்துக்குள் உட்கார வைத்தார். 'இன்பமும் கண்ணாடி போலத்தான், சீக்கிரம் உடையும்' என்ற கருத்துள்ள பிளெமிஷ் பழமொழியோடு அதைச் சேர்த்துப் படிப்பவர்கள் உண்டு.

கிளாஸில் தெரியும் ஜன்னல் பிம்பம் சிலுவையா?

சிலர் அப்படிப் படிக்கிறார்கள். ஜன்னல் சட்டம் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் பிம்பத்தில் சிலுவை மாதிரி தெரியும். நான் இதை அவ்வளவு எளிதில் ஏற்கமாட்டேன். ஓவியர் வேலை செய்த அறையில் ஒரு பக்கத்து ஜன்னல் இருந்தது, வளைந்த கண்ணாடியில் அது தெரியத்தான் செய்யும், கண்ணாடியைக் கண்ணாடி மாதிரிக் காட்ட அந்தப் பிம்பம் இல்லாமல் முடியாது. மண்டையோடு, ரொட்டி, திராட்சை என்று வேறு சான்றுகளும் கூடவே இருந்தால் சரி, யோசிக்கலாம். தனியாக ஜன்னல் மட்டும் இருந்தால் அது ஜன்னல்தான்.

இதைப் பற்றிக் கலை வரலாற்றில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. எட்டி தெ யாங் போன்ற டச்சு அறிஞர்கள், குறியீட்டுப் படமும் அதன் விளக்கமும் சேர்ந்த அந்தக் கால நூல்களையும் பழமொழிகளையும் துணைக்கு வைத்து, அன்றாடக் காட்சிகளுக்குள் ஒளிந்திருக்கும் கருத்துகளை எடுத்துக் காட்டினார்கள். ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் 1983-இல், டச்சு ஓவியர்களின் முதல் ஆசை உலகத்தைப் பார்த்து அப்படியே விவரிப்பதுதான், எல்லாவற்றுக்கும் அடியில் உபதேசம் தேட வேண்டாம் என்று வாதிட்டார். நான் இருவரிடமும் கற்றுக்கொண்டேன். ஆனால் தோல் உரித்துத் தொங்கும் எலுமிச்சையைப் பார்த்ததும் "வெளியே அழகு, உள்ளே புளிப்பு" என்று உடனே எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. அன்று ஒயினில் எலுமிச்சை சேர்த்துக் குடித்தார்கள், மேசையில் எலுமிச்சை இருந்தது. அதுவே போதும்.

வெனிஸ் கண்ணாடியில் விஷம் ஊற்றினால் உடைந்துவிடும் என்கிறார்களே?

உடையாது. ஆனால் ஐரோப்பா முழுக்க அப்படி ஒரு நம்பிக்கை பரவியிருந்தது உண்மை. 1291-இல் தீ விபத்துக்குப் பயந்து வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது, தொழில் ரகசியம் வெளியே போகாமல் அங்கேயே பூட்டி வைத்தது. 1450 வாக்கில் ஆஞ்சலோ பரோவியர், சுத்தமான செடிச் சாம்பலையும் மாங்கனீசையும் கொண்டு, நிறமே இல்லாத 'கிரிஸ்டல்லோ' கண்ணாடியைச் செய்தார். அதுவரை அங்கே புழங்கிய கண்ணாடி பெரும்பாலும் பச்சையோ மஞ்சளோ கலந்துதான் இருக்கும். பாறைப் படிகம் போலத் தெளிந்த ஒன்றை முதன்முதலில் பார்த்தவர்களுக்கு, இவ்வளவு சுத்தமான பொருள் அசுத்தத்தைத் தாங்காது என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. விஷத்துக்குப் பயந்த அரசவைகளில் அந்த நம்பிக்கை வெனிஸ் வணிகத்துக்கும் நல்லதாகவே இருந்திருக்கும்.

இஸ்லாமியக் கலையில் கண்ணாடி விளக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம் 35-ஆம் வசனம். இறைவன் வானங்களுக்கும் பூமிக்கும் ஒளி, அந்த ஒளி ஒரு மாடக்குழியில் இருக்கும் விளக்கைப் போன்றது, விளக்கு கண்ணாடிக்குள் இருக்கிறது, அந்தக் கண்ணாடி ஒளிரும் நட்சத்திரம் போன்றது என்று போகும். 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் மம்லூக் சுல்தான்கள் ஆண்ட எகிப்திலும் சிரியாவிலும், மசூதிகளில் தொங்கவிடும் கண்ணாடி விளக்குகளில் வண்ண எனாமலாலும் தங்கத்தாலும் இந்த வசனத்தையே கழுத்தைச் சுற்றி எழுதினார்கள். கெய்ரோவில் சுல்தான் ஹசன் மசூதிக்காகச் செய்த விளக்குகள் இதற்குப் பெயர் பெற்றவை. உள்ளே எண்ணெய்த் திரி ஏற்றினால், விளக்கைப் பற்றிப் பேசும் எழுத்து அந்த விளக்கின் வெளிச்சத்தாலேயே படிக்கக் கிடைக்கும். பொருளும் அர்த்தமும் இவ்வளவு ஒட்டிப்போன இன்னொரு கண்ணாடிப் பாத்திரத்தை நான் பார்த்ததில்லை.

அதே விளக்குகளில் ஒரு வட்டத்துக்குள் கோப்பைப் படம் இருந்தால் குழம்ப வேண்டாம், அது ஆன்மிகம் இல்லை. சுல்தானுக்குப் பானம் கொடுக்கும் பதவி வகித்த அமீரின் பதவிச் சின்னம்.

இந்த விளக்கு கண்ணாடியை விட்டு வெளியேயும் போயிற்று. தொழுகை விரிப்புகளில் ஒரு வளைவுக்குள் விளக்கு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மிஹ்ராப் (மசூதியில் தொழும் திசையைக் காட்டும் மாடம்) ஓடுகளிலும் அதே வடிவம் வரும். நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் விரிக்கும் தொழுகைப் பாயிலும் அந்த வளைவும் விளக்கும் பல நேரம் இருக்கும்.

ஆக்ராவில் இத்திமாத்-உத்-தவுலா கல்லறைச் சுவரெல்லாம் மதுக் குடுவைகளாக இருக்கின்றனவே, கல்லறையில் எதற்கு?

நல்ல கேள்வி. ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான் தன் பெற்றோருக்காக 1622 முதல் 1628 வரை கட்டியது. வெள்ளைப் பளிங்கில் வண்ணக் கற்களைப் பதித்து, நீண்ட மெல்லிய கழுத்துள்ள சுராஹிக் குடுவைகள், கிண்ணங்கள், பழங்கள், சைப்ரஸ் மரங்கள், பூஜாடிகள் என்று சுவர் முழுக்க வரிசையாக நிற்கும். பாரசீகத்திலிருந்து வந்த குடும்பம் அது, அந்த ரசனைதான் இங்கே பேசுகிறது. இஸ்ஃபஹானில் அலி காபு அரண்மனையின் இசை அறையில் சுவரையே குடுவை வடிவங்களில் வெட்டியெடுத்து மாடங்கள் அமைத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் புரியும்.

ஆக்ராவில் அந்தக் குடுவைகள் கண்ணாடியா, பீங்கானா, உலோகமா என்று கல்லை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சூழல் சொல்கிறது: நான்காகப் பிரித்த தோட்டம், நீர் ஓடும் வாய்க்கால், நடுவே கல்லறை. சொர்க்கத்தின் சாயல். குர்ஆனின் 76-ஆம் அத்தியாயத்தில் சொர்க்கவாசிகளுக்குச் சுற்றி வரும் கோப்பைகள் வெள்ளியாலானவை, ஆனாலும் கண்ணாடி போல ஊடுருவித் தெரிபவை என்று வரும். பூமியில் கிடைக்காத ஒரு பொருள் அது. பாரசீகக் கவிதையில் மதுவும் கோப்பையும் இறைக் காதலைச் சொல்லும் மொழி என்பதும் இந்தக் குடும்பத்துக்குத் தெரியாதது இல்லை. குடிக்கிற விருந்து, சொர்க்கத்து விருந்து, இறைக் காதல் என மூன்று அர்த்தமும் ஒரே சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மறுப்பேன்.

அரசியலுக்கும் கண்ணாடியைப் பயன்படுத்தினார்களா?

நிறைய. பிரிட்டனில் 1688-இல் இரண்டாம் ஜேம்ஸ் அரியணையை இழந்த பிறகு, அவர் வம்சம் திரும்பி வர வேண்டும் என்று விரும்பியவர்கள் யாகோபைட்டுகள். வெளிப்படையாகச் சொன்னால் ராஜ துரோகம். அதனால் ஒயின் கிளாஸில் ரோஜாவைச் செதுக்கினார்கள், பக்கத்தில் ஒன்றோ இரண்டோ மொட்டு. ரோஜா அரச கிரீடம், மொட்டுகள் நாடு கடந்து வாழும் இளவரசர்கள் என்று படிப்பது வழக்கம். சிலதில் 'அப்படியே ஆகட்டும்' என்ற பொருளில் ஒரு லத்தீன் சொல் இருக்கும். விருந்தில் மன்னருக்காகக் கோப்பை உயர்த்தும்போது அதைத் தண்ணீர்க் கிண்ணத்தின் மேலாகக் கொண்டுபோவார்கள், 'கடலுக்கு அப்பால் இருக்கும் மன்னர்' என்று மனசுக்குள் அர்த்தம். 1746-இல் குல்லோடன் போரில் எல்லாம் முடிந்தது, ஆனாலும் கிளாஸ்கள் மிஞ்சின. சேகரிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பழைய வெற்றுக் கிளாஸில் பிற்காலத்தில் ரோஜா செதுக்கி விற்றவை நிறைய உண்டு.

பிரான்சில் நான்சி நகரத்து எமில் காலே (1846–1904) இன்னொரு வகை. 1871-இல் ஜெர்மனி எடுத்துக்கொண்ட அல்சாஸ்-லொரேன் நிலத்தின் துயரத்தை லொரேன் சிலுவை, நெருஞ்சி போன்ற முள்செடி என்று ஜாடிகளில் வைத்தார். கவிதை வரிகள் பொறித்த அவருடைய ஜாடிகளைப் 'பேசும் கண்ணாடி' என்று சொன்னார்கள். டிரேஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரிக்கு நடந்த அநீதிக்கு எதிராகவும் அவர் ஜாடி செய்திருக்கிறார், அந்த நிலைப்பாட்டால் வாடிக்கையாளர்களை இழக்க நேரும் என்று தெரிந்தும். அழகான பூஜாடி என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகக்கூடாத கலைஞர்.

கண்ணாடி உடைந்தால் கெட்ட சகுனமா, நல்ல சகுனமா?

ஊருக்கு ஊர் மாறும். இங்கிலாந்தின் ஈடன்ஹால் என்ற மாளிகையில் மஸ்கிரேவ் குடும்பம் ஒரு கண்ணாடிக் கோப்பையைப் பல தலைமுறையாகக் காத்தது. செய்தது அங்கே இல்லை, 14-ஆம் நூற்றாண்டில் சிரியாவிலோ எகிப்திலோ செய்து எனாமல் பூசியது. தேவதைகள் கிணற்றருகே விட்டுச் சென்றது என்றும், அது உடைந்தால் குடும்பத்தின் அதிர்ஷ்டம் போய்விடும் என்றும் கதை. உலாண்ட் என்ற ஜெர்மன் கவிஞர் தன் கதைப்பாடலில் அதை உடைத்தே விட்டார். நிஜத்தில் நடந்தது நேர்மாறு: மாளிகையை 1934-இல் இடித்தார்கள், கோப்பை ஒரு கீறலும் இல்லாமல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

யூதத் திருமணத்தில் மணமகன் கண்ணாடியைக் காலால் மிதித்து உடைப்பார், கூட்டம் வாழ்த்தி ஆரவாரம் செய்யும். இதன் பழைய வேர் தல்மூத் என்ற யூதச் சமயச் சட்ட நூலில் இருக்கிறது. ராவ் ஆஷி என்ற அறிஞர், மகனின் திருமணத்தில் விருந்தினர்களின் கும்மாளம் எல்லை மீறிப் போவதைப் பார்த்து ஒரு வெண்கண்ணாடிக் கோப்பையை உடைத்தார், சபை அடங்கியது. பிற்காலத்தில் எருசலேம் ஆலயத்தின் அழிவை மகிழ்ச்சியிலும் மறக்காமல் இருப்பதற்காக என்று பொருள் கொண்டார்கள். சகுனமே இல்லை அது, நினைவூட்டல்.

நிறம் மாறும் ரோமானியக் கோப்பை உண்மையா?

உண்மை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள லைகர்கஸ் கோப்பை, 4-ஆம் நூற்றாண்டு. வெளியிலிருந்து வெளிச்சம் பட்டால் பச்சை, உள்ளிருந்து வந்தால் சிவப்பு. கண்ணாடியில் கலந்திருக்கும் மிக நுண்ணிய தங்க, வெள்ளித் துகள்கள் காரணம். மேலே செதுக்கியிருப்பது மதுக் கடவுள் டயனைசஸைப் பகைத்த மன்னன் லைகர்கஸைத் திராட்சைக் கொடி இறுக்கிப் பிடிக்கும் காட்சி. பச்சைக் காய் சிவந்து பழுப்பது போல என்று ஒரு கருத்து உண்டு, எனக்குப் பிடித்த கருத்து.

நம் ஊர் நிறைகுடமும் இதே குறியீடுதானா?

இல்லை. நிறைகுடம் பித்தளை, செம்பு, மண். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, மாவிலையும் தேங்காயும் மேலே நின்று 'நிறைந்திருக்கிறது' என்று சொல்கின்றன. அங்கே அர்த்தம் நிறைவில் இருக்கிறது, தெளிவிலோ உடைவதிலோ இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிக் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

கண்ணாடிப் பாத்திரம் தமிழ்க் கரைக்குத் தெரியாதது என்றும் சொல்ல முடியாது. அரிக்கமேட்டில் ரோமானிய வரிவைத்த கண்ணாடிக் கிண்ணங்களின் துண்டுகள் கிடைத்தன, கேரளத்தின் பட்டணம் அகழாய்விலும் அப்படித்தான். ஆனால் புறநானூறு 56-ஆம் பாட்டில் யவனர் கொண்டுவந்த மணக்கும் மதுவைப் பாண்டியனுக்கு ஊற்றிக் கொடுப்பது பொன்னால் செய்த கலத்தில். பெருமையைச் சொல்லப் புலவர் எடுத்தது பொன், கண்ணாடி இல்லை.

பார்சல் பெட்டியில் ஒயின் கிளாஸ் படம் போடுகிறார்களே, அதுவும் இதில் சேருமா?

தாராளமாகச் சேரும். பெட்டிக்குள் டிவியோ ஊறுகாய் பாட்டிலோ எது இருந்தாலும் 'உடையும், பார்த்துத் தூக்கு' என்பதற்கு ஐஎஸ்ஓ 780 தரநிலையில் தண்டுள்ள கிளாஸ்தான் குறி. மொழி தெரியாதவருக்கும் புரிகிறது. கிளாஸும் முள்கரண்டியும் சேர்ந்த இன்னொரு படம் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் இருக்கும், அது உணவு வைக்கலாம் என்று சொல்வது, உடைவதோடு சம்பந்தம் இல்லை.

அழைப்பிதழ், சுவர் ஓவியம், லோகோ போன்றவற்றில் கண்ணாடிக் குடுவை வரையலாமா? எங்கே பார்த்துப் பழகலாம்?

வரையுங்கள், நிலையைக் கவனித்து வரையுங்கள். திருமண அழைப்பிதழில் கவிழ்ந்த கிளாஸ் வேண்டாம். தெளிந்த தண்ணீரில் ஒரு பூங்கொத்து அழகாக இருக்கும். தொழுகை விளக்கின் வடிவத்தைக் கடை விளம்பரத்துக்கு எடுக்காதீர்கள், அதில் வசனம் எழுதிய மரபு இருக்கிறது. கண்ணாடியை வரையும்போது ஓரங்களில் கருமையும், ஒளி புகுந்து வெளியேறும் பக்கத்தில் வெளிச்சமும் வையுங்கள். ஒளி வரும் பக்கத்தில் சின்ன வெள்ளைப் பொட்டு, அதற்கு எதிர்ப்பக்க உள்சுவரில் மங்கலான வெளிச்சம், இது வந்துவிட்டால் கண்ணாடி ஆகிவிடும்.

பார்க்க: ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டனும் தங்கள் இணையதளங்களில் பல படங்களைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகின்றன. பீட்டர் கிளாஸின் 1628 படத்தை எடுத்து, கிளாஸ் இருக்கும் இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். நேரில் போக முடிந்தவர்கள் ஆக்ராவுக்குப் போனால் தாஜ்மஹாலோடு திரும்பிவிடாமல் யமுனையின் மறுகரைக்கும் ஒரு ஆட்டோ பிடித்து, இத்திமாத்-உத்-தவுலாவின் வெளிச்சுவரைச் சுற்றி வாருங்கள்.